போலி மின் சோதனைக் கருவிகள்

போலி மின் சோதனைக் கருவிகள் என்பன, ஒரு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் உரிமையின்றித் தாங்கி விற்கப்படும் பன்மானி, கிளாம்ப் மீட்டர், மின்காப்புச் சோதிப்பான், நியான் டெஸ்டர் முதலியன ஆகும். பெயரைத் திருடாது நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பின்பற்றுபவை ஒத்த தோற்றக் கருவிகள் எனப்படும். இவையனைத்தும் தீங்கானவை அல்ல. கடையில் "மெக்கர்" என்று கேட்டால் எந்த நிறுவனத்தின் மின்காப்புச் சோதிப்பானும் கிடைக்கும். வணிகப் பெயர் பொதுப்பெயரானதே அதற்குக் காரணம், ஏமாற்று அன்று.

அபாயத்தின் தன்மை

பன்மானியின் முகப்பில் கேட் 2, கேட் 3, கேட் 4 எனப் பொறிக்கப்படும் குறியீடுகள் ஐஇசி 61010 தரத்தைச் சார்ந்தவை. மின்னலாலும் பெரிய மோட்டார்களை நிறுத்துவதாலும் மின்கம்பியில் கண நேர உயரழுத்தம் தோன்றும். கேட் 3, 600 வோல்ட்டு எனக் குறிக்கப்பட்ட கருவி 6000 வோல்ட்டுத் துடிப்பைத் தாங்கவேண்டும். இச்சோதனையில் மூலத்தின் தடை 2 ஓம் மட்டுமே என்பதால், உள்ளே பொறி பறந்தால் 3000 ஆம்பியர் வரை பாயக்கூடும். பின்னர் அப்பொறி வழியே மின்வழங்கலின் ஆற்றலும் பாய்ந்து, கருவி கையிலேயே வெடிக்கும்.

உண்மையான கருவியில் மணல் நிரப்பிய உயர் முறிதிறன் உருகி இருக்கும். 20,000 ஆம்பியரைத் துண்டிக்கும் உருகிகளும் உண்டு. போலிகளில் பெரும்பாலும் காணப்படுவது சிறிய கண்ணாடி உருகி. குறைந்த முறிதிறன் வகையாயின் அது 35 ஆம்பியர் அளவையே உறுதியாகத் துண்டிக்கும். முகப்பின் எழுத்து எதுவாயினும், பின்மூடியைத் திறந்தால் உருகி உண்மையைச் சொல்லிவிடும்.

காரைக்கால் மாவட்டத்துச் சுரக்குடி போன்ற கழிமுக ஊர்களில், மும்முனை நீரேற்று மோட்டார்களின் இணைப்புப் பெட்டியில் 400 வோல்ட்டை அளக்கும் மின்பணியாளருக்கு இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது.

நியான் டெஸ்டர்

வீடுகளில் மிகுதியாகப் பயன்படுவது இதுவே. இதனுள் ஏறத்தாழ 1 மெகாஓம் தடை இருப்பின் 230 வோல்ட்டில் உடல் வழியே செல்வது 0.23 மில்லிஆம்பியருக்கு மேற்படாது. அத்தடை 10 கிலோஓம் ஆயின், உடலின் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர் பாயும். பிடித்த கையை விடுவிக்க இயலாமற்போக அதுவே போதும். விளக்கு எரியாததும் ஆபத்தே. ஆகவே மின்சாரம் உள்ளதெனத் தெரிந்த இடத்தில் முதலில் சோதித்து, பிறகு வேண்டிய இடத்தில் சோதித்து, மீண்டும் முதலிடத்தில் சோதிப்பது முறையாகும்.

சட்டமும் ஒரு வழக்கும்

இந்தியாவில் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி போலிச் சின்னமிடுதலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். இறக்குமதிப் போலிகளைத் தடுத்து வைக்கச் சுங்கத்துறைக்கு 2007ஆம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன.

ஒத்த தோற்றச் சிக்கலுக்கு 2014 மார்ச்சு நிகழ்வு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் தருவித்த 2000 பன்மானிகளைச் சுங்கத்துறை நிறுத்தியது. கருமுகப்பும் மஞ்சள் விளிம்பும் ஃபுளூக் நிறுவனத்தின் பதிவுபெற்ற சின்னம் என்பதே காரணம். அவற்றில் ஃபுளூக் பெயர் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் ஃபுளூக் 30,000 டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள தன் கருவிகளை ஸ்பார்க்ஃபனுக்கு இலவசமாக வழங்கியது. இப்பூசல் நிறத்தைப் பற்றியதாகவே இருந்தது.