மறக்கும் மெமரி, மறக்காத மெமரி

பாதி டைப் செய்த அசைன்மென்ட்டை சேமிப்பதற்குள் கரண்ட் போய்விட்டால்... அவ்வளவுதான்! ஆனால் 1960களின் கணினிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கரண்ட் போனாலும் அவற்றின் முதன்மை நினைவகம் எதையும் மறக்காது.

அதற்குக் காரணம் காந்த வளையங்கள். பாசிமணி போன்ற சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோர்த்திருப்பார்கள். வளையம் ஒரு திசையில் காந்தமானால் 0, எதிர்த் திசையில் என்றால் 1. 1953ல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் ஜே ஃபாரஸ்டர் இதைப் பொருத்திக் காட்டினார். ஒரு சிக்கல், படித்தவுடன் தகவல் அழிந்துவிடும். படித்ததை உடனே திரும்ப எழுதிவிடலாம் என்ற யோசனை ஆன் வாங் என்பவருடையது. 1956ல் தன் காப்புரிமையை ஐ.பி.எம்.முக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றார்.

வளையம் ஒன்றுக்கு ஒரு பிட்தான். ஒரு எம்.பி. வேண்டுமென்றால் ஏறக்குறைய 84 லட்சம் வளையங்கள்! கட்டுப்படியாகுமா?

1966ல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் ஒரு பிட்டுக்குப் போதும் என்று கண்டார். இதுதான் டிராம். மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி, மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் ஒவ்வொரு பிட்டையும் படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை. விலை மலிவுக்காக உலகம் மறதியை ஏற்றுக்கொண்டது என்றே சொல்லலாம்.

மறக்காத சிப்பும் இருந்தது. 1971ல் இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ராமில், சுற்றிலும் மின்கடத்தாப் படலம் சூழ்ந்த ஒரு மிதக்கும் வாயிலில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் வெளியே வராது. ஆனால் அழிக்க புற ஊதா ஒளியில் காட்ட வேண்டும்! பிறகு வந்த ஈஈப்ராமை மின்சாரத்தாலேயே அழிக்கலாம். ஆனால் பைட் பைட்டாக அழிக்க, ஒரு பிட்டுக்கு இரண்டு டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது.

டோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா இதைத் திருப்பிப் போட்டார். தனித்தனியாக ஏன் அழிக்க வேண்டும், மொத்தமாக அழித்தால் ஒரு டிரான்சிஸ்டர் போதுமே! கேமரா ஃபிளாஷ் போல ஒரே அடியில் அழிவதால் சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர்தான் ஃபிளாஷ். 1984ல் இதை உலகுக்கு அறிவித்தார். 1987ல், இன்று பென் டிரைவிலும் செல்போனிலும் இருக்கும் நேண்ட் வகையையும் அறிமுகப்படுத்தினார். (அழிக்க அழிக்க படலம் தேயும், அதனால்தான் பென் டிரைவுக்கும் ஆயுள் உண்டு.)

1994ல் மசுவோகா டோஷிபாவை விட்டு விலகி தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 2004ல், தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்காக 100 கோடி யென் கேட்டு பழைய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2006ல் 8.7 கோடி யென்னுக்கு சமரசமானது. டோஷிபாவின் அந்த மெமரி பிரிவு 2018ல் பெரும்பாலும் வேறு முதலீட்டாளர்கள் கைக்குப் போய், 2019ல் கியாக்சியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் 'கியோகு' என்றால் நினைவு.