கூப்பிட்டால் மறுக்காதவன்

2009இல் சூலியா தெருவில் ஒரு மலிவு விடுதியில் இரவு வேலை. பன்னிரண்டு மணிக்குமேல் முதுகுப்பை வெள்ளைக்காரர்கள் சாவி கேட்டு மணியடிப்பார்கள். மற்ற நேரமெல்லாம் நானும் மேசைக் கணினியும்தான். அப்படித்தான் இணையப் போக்கர் பழகினேன்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேசையில் ஆறேழு பேர். நம் முறை வருவதற்கு முன்பே திரையின் ஓரத்தில் சில கட்டங்கள் தெரியும். 'செக்/ஃபோல்ட்' என்றால், காசு கேட்கவில்லையென்றால் இருப்பேன், கேட்டால் சீட்டை மடக்கிவிடுவேன். 'கால்' என்றால் இப்போதுள்ள தொகையைக் கட்டுவேன்; நடுவில் ஒருவன் ஏற்றிவிட்டால் அந்தக் குறி தானாக அழிந்துவிடும். ஆனால் 'கால் எனி' அழியாது. எவன் எவ்வளவு ஏற்றினாலும் கட்டுவேன் என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு அது.

ஒருநாள் கையில் இரண்டு ராஜா. நடுவில் விரித்த மூன்று சீட்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. மணி அடித்தது. 'கால் எனி'யில் குறி போட்டுவிட்டுச் சாவி கொடுக்கப் போனேன். திரும்பி வந்தால், எனக்கு முன்னாலிருந்த இருவரும் தங்களிடம் இருந்ததை மொத்தமாக வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்திருந்தால் மடக்கியிருப்பேன். சுமார் 340 வெள்ளி போச்சு. காவலுக்கிருந்த மாமா எட்டிப் பார்த்து, "யாரு தம்பி ஆடுனது, நீயா பெட்டியா?" என்றார்.

அந்தக் கேள்விதான் பிறகு என்னை வரலாற்றுப் பக்கம் தள்ளியது.

நேர் மேசையில் முறை வருமுன் வாயைத் திறப்பது குற்றம். நீ மடக்கப் போகிறாய் என்று தெரிந்தால் உனக்கு முன்னால் ஆடுபவன் துணிந்துவிடுவான். 1998இல் பிளானட் போக்கர் காசுக்கு இணைய மேசை திறந்தபின் வந்த மென்பொருள்கள் அதே குற்றத்தை வசதியாக்கின. உன் முடிவை உன் முறை வரை மறைத்துவைக்கும், அவ்வளவுதான். ஆனால் முழுதாக மறையாது. யோசிக்கிற மனிதனுக்கு இரண்டு நொடியாவது வேண்டும்; குறி போட்டவனின் பதில் இமைக்குமுன் வந்துவிடும். பழகிய ஆட்டக்காரர்கள் அந்த வேகத்திலேயே உன் சீட்டை வாசிப்பார்கள்.

ஏன் இந்த அவசரம்? நேர் மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். இணையத்தில் அதைப்போல இருமடங்கு. பெரும்பாலும் பானை ஒவ்வொன்றிலும் நடத்துபவருக்கு ஒரு வெட்டு உண்டு. 2010இல் ஃபுல் டில்ட் 'ரஷ் போக்கர்' கொண்டுவந்தது: முறை வருமுன்பே மடக்கலாம், மடக்கிய கணமே வேறு மேசை, வேறு ஆட்கள், புதுச் சீட்டு. காத்திருத்தலையே ஒழித்துவிட்டார்கள்.

யார் தோற்றாலும் தனக்கு வரும்படி என்ற ஏற்பாடு நம்ம தெருவுக்குப் புதிதல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய சில ஆண்டுகளிலேயே கம்பெனி பினாங்கில் அபினி, சாராயத்தோடு சூதையும் குத்தகைக்கு விட்டது. 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருக்களில் நம்மாட்கள் கடை விரித்த காலம் அது. சிங்கப்பூரில் ஃபார்க்குவார் 1820இல் சூதுக் குத்தகை தொடங்கினார், ராஃபிள்ஸ் 1823இல் நிறுத்தினார், கிராஃபர்ட் திரும்பக் கொண்டுவந்தார்; 1829இல்தான் அது ஒழிந்தது. குத்தகைப் பணம் கைக்கு வந்தபின் பகடை எப்படி விழுந்தால் அரசுக்கென்ன?

ஆனால் 'கால் எனி'யின் மூத்த ஆட்டக்காரன் கம்பெனிக்கும் முந்தியவன். மகாபாரதத்தின் சபா பருவத்தில் தருமன் சொல்கிறான்: அழைக்கப்பட்டால் நான் பின்வாங்குவதில்லை, அது என் விரதம். நாம் இதைப் பெருந்தன்மையாகவே படித்துப் பழகிவிட்டோம். எனக்கோ அது திரையோரத்துக் கட்டமாகத்தான் தெரிகிறது. சகுனிக்குப் பகடைத் திறமை மட்டுமா இருந்தது? எதிராளியின் குறி எங்கே விழுந்திருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. எல்லாம் இழந்து, திரும்பப் பெற்று, ஊருக்குப் புறப்பட்டவனை வழியிலேயே மறுபடி கூப்பிடுகிறார்கள். கேடு என்று தெரிந்தே திரும்பி வருகிறான். குறி அழியவில்லை.

தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. கடன்பட்டுச் செத்தவர்களின் செய்திகள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன. 2025இல் வந்த விதிகள் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்துவரை காசு ஆட்டங்களைப் பூட்டின. அந்த ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. அதே ஆகஸ்டில் ஒன்றிய அரசு காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது.

பன்னிரண்டு முதல் ஐந்து. அரசே எல்லார் சார்பிலும் 'ஃபோல்ட்' கட்டத்தில் குறி போட்டதுபோல. நானாக யோசித்து எடுக்காத முடிவை எதிர்க்கும் நான் இதையும் எதிர்க்கத்தான் வேண்டும். முடியவில்லை. அது அப்படியே என் இரவு வேலை நேரம்.

340 வெள்ளி போன மறுநாள் மாமா மேசையில் தே தாரிக் கோப்பையை வைத்துவிட்டுக் கணினியைப் பார்த்தார். இரண்டு மேசை திறந்திருந்தது. "இன்னிக்கி மணி அடிச்சா நான் போறேன். நீ உக்காந்து பாரு" என்றார். மூன்று மணிவாக்கில் மணி அடித்தது. அவர் எழுந்தார். நான் அதற்குள் குறி போட்டிருந்தேன்.