நடவாநின்றான்

பேரப்பிள்ளைகளின் இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தில் 'பிரசென்ட் கன்டினியூயஸ் டென்ஸ்' என்று ஒரு பாடம் வரும். ஆம், இஸ், ஆர் மூன்றில் பொருத்தமானதைப் போட்டு, வினையோடு 'இங்' சேர்த்தால் ஆயிற்று: 'ஐ ஆம் ஈட்டிங்'. இது இங்கிலீஷ்காரனுக்கு மட்டுமே வாய்த்த நுணுக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இதற்கு ஒப்பான ஒன்றை நம் பவணந்தி முனிவர் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்.

பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் பிறந்த சனகாபுரம் என்பது கொங்குப் புலவர்களின் துணிபு. மைசூர்ப் பக்கம் என்பாரும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, அந்தச் சமண முனிவர் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூலை இயற்றினார். நிகழ்காலம் காட்டும் இடைநிலைகள் மூன்று என்கிறார்: கிறு, கின்று, ஆநின்று. முதல் இரண்டும் நமக்குப் பழக்கம்: நடக்கிறான், நடக்கின்றான். மூன்றாவதுதான் விசேஷம்: நடவாநின்றான். பிரித்துப் பார்த்தால் உள்ளே 'நில்' இருக்கிறது. நடக்கிற காரியத்திலேயே நிற்கிறான்! பழைய உரையாசிரியர்களின் உரைநடையில் இது நிறைய வரும்.

இங்கிலீஷிலும் கதை ஏறக்குறைய இதேதான். முன்பு 'ஹி இஸ் ஆன் ஹண்டிங்' என்றார்கள். வேட்டையின்மேல் இருக்கிறான் என்று பொருள். அந்த 'ஆன்' தேய்ந்து 'அ-ஹண்டிங்' ஆகி, பிறகு அதுவும் உதிர்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட இந்த வடிவம் கட்டாயமில்லை. கையில் புத்தகத்தோடு வரும் ஹாம்லெட்டிடம் என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்பது சாதாரண நிகழ்காலத்தில்தான்.

நான் படித்த பிரெஞ்சில் இந்த வசதியே கிடையாது. 'ஜெ மான்ஜ்' என்றால் சாப்பிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் இரண்டும்தான். அழுத்திச் சொல்ல 'ஆன் த்ரேன் து' என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஆநின்று வழக்கொழிந்து, அந்த இடத்தில் இப்போது 'கொண்டிரு' உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் வாயில் அது 'சாப்பிட்டுட்டு இருக்கறனுங்க' ஆகிறது. வம்பும் இங்கேதான். வைத்திருக்கிறேன், தெரிந்திருக்கிறது என்று நம் பேச்சில் 'இரு' எங்கும் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் நம் பிள்ளைகள் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று கொண்டுபோகிறார்கள் என்பது என் எண்ணம். உடைமை, அறிவு, விருப்பம் எல்லாம் நிலைகள். நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல. ஆகவே அங்கே 'இங்' வராது, 'ஐ ஹேவ்' போதும். இதை இரண்டு வரியில் விளக்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சிரித்தே எத்தனை கிராமத்துப் பிள்ளைகளை வாய் திறக்கவிடாமல் செய்துவிட்டோம்!

இங்கிலீஷ்காரர்களுக்குள்ளும் இந்த 'இங்' சண்டை மூட்டியது. வீடு கட்டப்பட்டு வருகிறது என்பதற்கு முன்பு 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங் பில்ட்' தலைகாட்டியது. அடுத்த நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் பலர் அதை அசிங்கம் என்று திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் ஜெயித்திருந்தால் எங்கள் ஆபீஸ் பாடு திண்டாட்டம். 'தி மேட்டர் இஸ் பீயிங் எக்ஸாமின்ட்' என்ற ஒரு வரி இல்லாமல் எத்தனை மனுக்களுக்குப் பதில் போட்டிருக்க முடியும்?