கோட்டுக்கு அந்தப் பக்கம்

அயர்லாந்து தேசத்தில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. நானூறு வீடுகளும் ஒரு மாதா கோயிலும் மட்டுமே உள்ள சின்னக் கிராமமாக இருந்தாலும் சரி, அந்த ஊர்ப் பந்தாட்டக் கழகத்தின் சரித்திரத்தை யாராவது ஒருவர் எழுதிப் புத்தகமாக அச்சடித்துவிடுகிறார். எந்த வருஷம் யார் காரியதரிசி, எந்தப் பந்தயத்தில் பக்கத்து ஊர்க்காரனிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம், மைதானத்துக்கு நிலம் வாங்கப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். உலகத்துக்கு அந்தத் தகவல்களால் லாபம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊர்க் குழந்தை தன் தாத்தாவின் பெயரை அச்சில் பார்க்கிறது. அது சாதாரண விஷயமா?

நம் பட்டணத்துக்கு மேற்கே இருக்கிற ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சரித்திரம் என்று கேட்டால் உடனே கோயிலுக்குத்தான் அழைத்துப்போவார்கள். திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் இருக்கிறார். பாடியில் திருவலிதாயம் இருக்கிறது. பூந்தமல்லிக்குப் போனால் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான், எல்லாம் பெருமைதான். ஆனால், "ஐயா, இந்த ஊரில் சடுகுடுக் குழுவை யார் ஆரம்பித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கல்வெட்டும் கிடையாது, காகிதமும் கிடையாது. கறுத்துப்போன இரண்டு மூன்று கோப்பைகளும், மங்கிப்போன ஒரு குரூப் போட்டோவும், அதில் பாதிப் பேரை அடையாளம் காட்டக்கூடிய ஒரு கிழவரும் மிஞ்சியிருந்தால் அதிருஷ்டம்.

இதைப் பற்றி யோசித்தபோது அயர்லாந்துக்காரர்களின் ஆட்டம் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தெரிந்துகொண்ட பிறகு, அவர்கள் கதை நம் கதைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதும், எந்த இடத்தில் விலகிவிடுகிறது என்பதும் புலப்பட்டன.

அவர்களுடைய ஆட்டத்துக்குக் கேலிக் கால்பந்து என்று பெயர். கேலி செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'கேலிக்' என்பது அவர்களுடைய பழைய பாஷையையும் இனத்தையும் குறிக்கிற சொல். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். கம்பத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் சாதாரணமாக ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி. ஆட்டம் பழையது; சட்டதிட்டம் புதியது. 1884-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி, தர்லஸ் என்ற சிற்றூரில் ஒரு ஓட்டலில் சில பேர் கூடினார்கள். கூட்டியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் கியூசாக் என்ற பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த ஆட்டங்களே நாடெங்கும் பரவி, சொந்த ஆட்டங்கள் செத்துக்கொண்டிருக்கின்றனவே என்ற ஆதங்கம் அவர்களைக் கூட்டியது. குரோக் என்ற கத்தோலிக்க அத்தியட்சர் ஆதரவு தந்தார். மாதா கோயில் எல்லை எதுவோ அதுவே கழகத்தின் எல்லை என்று ஆயிற்று. ஆகவே ஒருவன் எந்தக் கழகத்துக்கு ஆடுவது என்பதை அவன் பிறந்த இடமே தீர்மானித்துவிடும். இன்று அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கழகங்கள் இருக்கின்றன. ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தில் எண்பதினாயிரம் ஜனங்களுக்கு முன்னால் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லப் போவான், அல்லது மாட்டுக்குத் தீனி போடப் போவான்.

விளையாட்டு வினையாகவும் ஆயிற்று. 1920 நவம்பர் 21-ல் அதே குரோக் பார்க்கில் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோது சர்க்கார் படையினர் புகுந்து சுட்டார்கள். பதினான்கு பேர் இறந்தார்கள். மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரர் அவர்களில் ஒருவர். மைதானத்தின் ஒரு பக்கத்து மாடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சென்னைக்கும் அயர்லாந்துக்கும் பழைய உறவு உண்டு. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் அடையாற்றிலிருந்துகொண்டு ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது, அந்தப் பெயரே அயர்லாந்திலிருந்து வந்த பெயர். பிற்காலத்தில் நமக்கு ராஷ்டிரபதியாக வந்த வி. வி. கிரி, 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்தவர். அங்கே பற்றி எரிந்த சுதந்திர நெருப்பில் குளிர்காய்ந்து திரும்பியவர். அந்த நாட்டிலிருந்து அரசியலைக் கற்றுக்கொண்ட நாம், ஆட்டத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. தேவையும் இருக்கவில்லை. நம்மிடம் சடுகுடு இருந்தது.

சடுகுடு என்றும், தெலுங்கர் செடுகுடு என்றும், மராட்டியர் ஹுதுது என்றும், வங்காளிகள் ஹாடுடு என்றும் சொன்ன ஆட்டம், 'கபடி' என்ற பொதுப் பெயரில் சட்டை மாட்டிக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். 'கைப்பிடி' என்ற தமிழ்ச் சொல்லே கபடி ஆயிற்று என்று நம்மவர்கள் அடித்துச் சொல்வார்கள். இருக்கலாம். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உரிமை கொண்டாட எனக்குத் துணிச்சல் இல்லை. 1920-களில் மேற்கு இந்தியாவில் உடற்பயிற்சிச் சங்கத்தார் இதற்கு விதிகள் வகுத்தார்கள். 1923-ல் பரோடாவில் பெரிய பந்தயம் நடத்தினார்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியிலிருந்து போன ஒரு கோஷ்டி ஆடிக் காட்டியது. 1950-ல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தது. ஆண்களுக்கான முதல் தேசியப் பந்தயம் 1952-ல் நடந்ததே, எங்கே தெரியுமா? நம் சென்னையில்.

விதி எழுதுவது ஏன் அவசியமாயிற்று என்று யோசித்தால் ஓர் உண்மை தெரியும். ஒரே ஊருக்குள் ஆடுகிறவரை விதி வேண்டியதில்லை. மூச்சு விட்டானா இல்லையா என்பதற்கு ஒரு பெரியவர் வாக்குப் போதும். செத்தவன் திரும்ப வருவானா, மாட்டானா என்பதும் அந்தந்த ஊர் வழக்கம். எதிராளி ஒருவன் விழுந்தால் நம்மவன் ஒருவன் எழுந்து வருவது ஒரு முறை. அதற்கு சஞ்சீவனி என்று பெயர் வைத்தார்கள். செத்தவன் செத்தவனே என்பது இன்னொரு முறை. ஓர் ஊர் மற்றோர் ஊரோடு மோதும்போதுதான் எது முறை என்ற தகராறு வரும். அயர்லாந்திலும் அப்படித்தான். ரயில் வந்தது, ஊரும் ஊரும் சந்தித்தன, எழுதி வைத்த சட்டம் தேவைப்பட்டது.

ரயில் நம் மேற்குப் பக்கத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் ரயில், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போயிற்று. ஆனாலும் இன்னும் ஒரு நூற்றாண்டு வரை இவை ஏரிப்பாசன ஊர்களாகவே இருந்தன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, கொஞ்சம் தள்ளிச் செம்பரம்பாக்கம். அறுவடையான கழனியும் கோடையில் காய்ந்த ஏரி உள்வாயும் சடுகுடுவுக்கென்றே கடவுள் செய்துவைத்த இடங்கள். விழுந்தால் எலும்பு முறியாது. சிராய்ப்பு ஏற்பட்டால் அந்த மண்ணையே அப்பிக்கொள்ளலாம். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்றது. 1961-ல் டாங்கித் தொழிற்சாலையும், 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. கழனிகள் மனைகளாயின. ஆட்டக்காரன் தொழிலாளியானான். சடுகுடுவும் ஷிப்டு முடிந்த பிறகு மின்சார வெளிச்சத்தில் ஆடுகிற ஆட்டமாயிற்று.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் சுவரொட்டிகளைப் படிப்பதுண்டு. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், அகால மரணமடைந்த ஒரு நண்பனின் படம். குழுவின் பெயரில் ஒரு தலைவர் இருப்பார். நேதாஜி, காமராஜர், அம்பேத்கர், பாரதி. அந்தப் பெயரைப் பார்த்தே அது எந்தத் தெருக் குழு என்று உள்ளூர்க்காரன் சொல்லிவிடுவான். இங்கேதான் நம் கதை சிக்கலாகிறது.

அயர்லாந்தில் மாதா கோயில் எல்லைக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும் ஓர் ஊர். நமக்கு ஊர் என்றால் யார்? ஊர் வேறு, காலனி வேறு என்று நம் பாஷையே பிரித்து வைத்திருக்கிறது. ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்று இருந்த இடங்கள் எத்தனையோ. ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஆடியதில்லை.

சடுகுடுவின் உயிர் மூச்சுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். தொடுதல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டென்னிஸில் நடுவே வலை கட்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் நாள் முழுதும் ஆடலாம், ஒருவரையும் தொட வேண்டாம். பல்வங்கர் பாலு என்ற மகத்தான பந்துவீச்சாளரைப் பூனாவில் தங்களோடு சேர்த்து ஆடிய மேல்சாதியார், ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அவர் எறிந்த பந்தைத் தொடலாம். அவர் குடித்த கோப்பையைத் தொடக்கூடாது. சடுகுடுவில் அந்தத் தந்திரம் செல்லாது. பாடி வருகிறவனுடைய கணுக்காலைப் பிடிக்க வேண்டும், இடுப்பைக் கட்ட வேண்டும், அவன் வியர்வை நம் முகத்தில் வழிய வேண்டும். தொடமாட்டேன் என்கிறவன் தோற்றுத்தான் போக வேண்டும். தீண்டாமையைச் சட்டமாக வைத்திருந்த ஒரு சமூகம், தீண்டினால்தான் ஜெயம் என்கிற ஆட்டத்தைத் தன் தேசிய ஆட்டமாகப் போற்றியிருக்கிறது! இந்த வேடிக்கையை நாம் கவனித்ததே இல்லை. கவனித்தவர்கள் கோட்டை ஆடுகளத்துக்கு வெளியே போட்டார்கள்; 'அவர்களோடு எங்களுக்கு ஆட்டம் இல்லை' என்று.

அயர்லாந்துக்காரர்களும் புனிதர்கள் அல்ல. வெள்ளைக்காரன் ஆட்டத்தை ஆடுகிறவனும் பார்க்கிறவனும் சங்கத்தில் இருக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். 1938-ல் நாட்டின் ஜனாதிபதியாக இருந்த டக்ளஸ் ஹைட், சர்வதேசக் கால்பந்துப் பந்தயம் ஒன்றைப் பார்க்கப் போனார் என்பதற்காக, சங்கத்தின் புரவலர் ஸ்தானத்திலிருந்து அவரையே நீக்கினார்கள். அவர்கள் பாஷையைக் காப்பாற்றப் பாடுபட்ட பெரியவர் அவர்! அந்தத் தடை 1971-ல்தான் போயிற்று. வட அயர்லாந்துப் போலீஸ்காரர்களுக்கு இருந்த தடை 2001-ல் போயிற்று. போயிற்று என்பதுதான் முக்கியம். விதியாக எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே கூட்டம் போட்டு, விவாதித்து, கை தூக்கி, அடித்துவிட முடிந்தது. நம்முடைய தடை எழுதப்படவில்லை. எழுதாததை எப்படி அடிப்பது?

ஆட்டமே சில சமயம் அடித்திருக்கிறது. தூத்துக்குடிச் சீமையில் மணத்தி என்ற கிராமத்திலிருந்து வந்த கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஆடினார். 1995-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் 'பைசன்' என்ற படம் வந்தது. சாதிப் பகை கொழுந்துவிட்ட பூமியிலிருந்து ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த கதை அது. அவரைப் போல வெளியே வந்தவர்கள் ரயில்வேயிலும் மின்சார வாரியத்திலும் போலீஸிலும் உத்தியோகம் பெற்றார்கள். ஊர்க் குழு தன் சிறந்த ஆட்டக்காரனை இழந்தது. ஒரு குடும்பம் கூரை வீட்டை விட்டு மச்சு வீட்டுக்குப் போயிற்று. சம்பளமில்லாமல் ஆடுவது உயர்ந்த தருமம் என்று அயர்லாந்துக்காரன் சொல்லலாம். அவனுக்குத் திங்கட்கிழமைக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் பையன் ஆடுவதே திங்கட்கிழமைக்கு ஒரு வேலை கிடைக்கும் என்பதற்காக.

2014-ல் புரோ கபடி லீக் வந்தது. 2017-ல் தமிழ் தலைவாஸ் என்று நமக்கும் ஒரு குழு ஏற்பட்டது. ஏலம், தொலைக்காட்சி, மண்ணுக்குப் பதில் மெத்தை விரிப்பு. இதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஏலத்தில் எடுக்கிறவன் பையனின் தெருவைக் கேட்பதில்லை. முப்பது விநாடியில் எத்தனை பேரைத் தொடுகிறான் என்று கேட்கிறான். ஊர் கொடுக்காத நியாயத்தைச் சந்தை கொடுக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது சந்தை அல்ல.

இருந்தாலும் ஊர்க் குழு அழிந்துவிடக்கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன். ஏலத்துக்குப் போகிறவன் ஆயிரத்தில் ஒருவன். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஊர்தான் மைதானம். அந்த மைதானம் இன்று ஏரியாக இல்லை, கழனியாகவும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு விற்பனையாகாமல் கிடக்கிற ஒரு காலி மனையாக இருக்கிறது.

ஆகவே, அம்பத்தூர்ப் பக்கத்திலோ ஆவடிப் பக்கத்திலோ இருக்கிற வாலிபர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குழுவின் சரித்திரத்தை எழுதுங்கள். கிழவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள். எந்த ஏரியில், யார் நிலத்தில் ஆடினார்கள் என்று எழுதுங்கள். யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதுங்கள். முதல் முதலாக ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே பக்கத்தில் நின்று ஆடியது எந்த வருஷம், எந்தப் பந்தயத்தில் என்று விசாரித்து, அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்படி ஒரு தேதி இன்னும் வரவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள். பின்னால் நிரப்பிக்கொள்ளலாம்.