திண்ணை

திண்ணை என்பது, தமிழர் மரபுவழி வீடுகளில் தெருவாயிலின் ஒரு புறத்திலோ இரு புறங்களிலுமோ, வெளிச்சுவரை ஒட்டி நிலமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டப்படும் மேடை ஆகும். வீட்டின் கூரை இதன் மேல் தாழ்வாக நீண்டு நிழல் தரும். திண்ணை வீட்டுக்காரருக்கு உரியது. எனினும் அதற்கும் தெருவுக்கும் இடையே மதிலோ கதவோ இருப்பதில்லை. வீட்டின் பிற பகுதிகளிலிருந்து இதனை வேறுபடுத்துவது இத்தன்மையே. கன்னடத்தில் ஜகலி என்றும் தெலுங்கில் அருகு என்றும் வழங்கும் அமைப்புகள் இதனை ஒத்தவை. ஆங்கிலேயர் கால எழுத்துக்களில் திண்ணை 'பியால்' எனக் குறிப்பிடப்பட்டது. இது கல்லிருக்கையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.

அமைப்பு

திண்ணை பொதுவாக 2 முதல் 3 அடி வரை உயரமும், ஒருவர் கால் நீட்டிப் படுக்கப் போதிய நீளமும் கொண்டது. வாயிலின் ஒரு பக்கம் அகன்ற திண்ணையும் மறுபக்கம் ஒடுங்கிய ஒட்டுத்திண்ணையும் அமைவது உண்டு. கூரையைத் தாங்க முன் விளிம்பில் மரத்தூண்களோ கல்தூண்களோ நிறுத்தப்படும். சில திண்ணைகளின் ஓரத்தில், தலை வைத்துப் படுப்பதற்கெனச் சரிவான மேடு ஒன்றும் சேர்த்தே கட்டப்பட்டிருக்கும். சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி இருக்கும். இவற்றைத் தவிர, ஒரு பாயும் தண்ணீர்ச் செம்பும் வெற்றிலைப் பெட்டியும் இருந்தால் போதும். தனியான தளபாடங்கள் தேவைப்படவில்லை.

மண் வீடுகளில் திண்ணைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழைநீர் தெறித்து மண்சுவரின் அடி கரைந்துபோகாமல் அது காக்கிறது. இத்தகைய திண்ணைகள் மண்ணால் கட்டப்பட்டு, சாணமிட்டு மெழுகப்பட்டன. வசதி படைத்தோர் வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துப் பூச்சும், பிற்காலத்தில் சிவப்பு வண்ணச் சிமெந்துத் தரையும் பயன்பட்டன. செட்டிநாட்டு வீடுகளின் அகன்ற திண்ணைகளில் பர்மாத் தேக்குத் தூண்களைக் காணலாம்.

யாழ்ப்பாணத்து வீடுகள் வேலி சூழ்ந்த வளவுக்குள் அமைவதால், அங்கே திண்ணை தெருவைத் தொடுவதில்லை. அதனால் வழிப்போக்கர் தங்குவதற்கான இடம் படலைக்கு நகர்ந்தது. கூரை வேய்ந்து இருபுறமும் இருக்கை மேடைகளுடன் அமைந்த இந்த வாயில் சங்கடப்படலை எனப்படும்.

பயன்பாடு

பகலில் முதியோர் ஓய்வெடுக்கவும், கணக்கு எழுதவும், பொருள் விற்கவும், இரவில் ஆண்கள் உறங்கவும் திண்ணை பயன்பட்டது. பள்ளிக்கூடமாகவும் அது விளங்கியது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணவர் மணலில் எழுதிப் பழகி, பின்னர் ஓலைச்சுவடிக்கு மாறினர். எண்சுவடியையும் ஆத்திசூடி போன்ற நூல்களையும் மனனம் செய்தனர். உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாற்றில் இத்தகைய பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822 இல் தொடங்கிய கணக்கெடுப்பு, 12,498 உள்ளூர்ப் பள்ளிகளைப் பதிவு செய்தது. இவை அனைத்தும் திண்ணைப் பள்ளிகள் அல்ல. அனைத்தும் தமிழ்ப் பகுதிகளைச் சேர்ந்தவையும் அல்ல.

திண்ணை எல்லோருக்கும் திறந்திருந்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இது முழு உண்மை அன்று. யார் திண்ணையில் அமரலாம், யார் அதன் கீழே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. அக்கிரகாரத் தெருக்கள் பலவற்றில் நடப்பதற்கே தடை இருந்த மக்களுக்கு, அங்குள்ள திண்ணைகளில் இடம் இருந்திருக்க முடியாது. பெண்களும் ஆண்கள் வெளியே சென்ற நேரங்களிலேயே பெரும்பாலும் அதனைப் பயன்படுத்தினர்.

மறைவும் மீட்பும்

புதிய கட்டிட விதிகள் பல இடங்களில் வீட்டின் முன்னே வெற்றிடம் விடுவதைக் கட்டாயமாக்கின. இதனால் வீடு தெருவிலிருந்து பின்வாங்க, இடையே சுற்றுமதிலும் வாகன நிறுத்தமும் வந்தன. பழைய தெருக்களில் சாலை மீண்டும் மீண்டும் போடப்பட்டு உயர்ந்ததால், திண்ணை தாழ்ந்து போனது. சில திண்ணைகள் இரும்புக் கம்பி அடைப்புக்குள் சென்றன; சில கடைகளாயின. வடிகால் பணிகளின்போது ஆக்கிரமிப்பு என இடிக்கப்பட்டவையும் உண்டு.

தற்கால வீட்டு வரைபடங்களில் காணப்படும் 'சிட் அவுட்' திண்ணைக்கு மாற்றாகக் கருதப்படுகிறது. ஆனால் அது மதிலுக்கு உள்ளே இருப்பதால், தெருவில் செல்பவர் அதில் உட்கார முடியாது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், தூண்களுடன் கூடிய தெருத் தாழ்வாரமும் அதன் பின்னே திண்ணையுமாக அமைந்த வீட்டு முகப்புகள் வரிசையாக உள்ளன. 2000களில் அங்குள்ள வைசியால் வீதியின் முகப்புகள் பழைய வடிவில் சீரமைக்கப்பட்டன. தேர்தல் காலத்தில் கட்சியினர் வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டுவது, உட்காரத் திண்ணையே இல்லாத ஊர்களிலும் 'திண்ணைப் பிரசாரம்' என்றே வழங்குகிறது.