காற்றையும் மழையையும் கடந்த மிதிவண்டிப் பயணங்கள்

பயணத்தைத் தொடங்குதல் பலர்க்கும் எளிது. முடித்தல் சிலர்க்கே இயல்வது. அதிலும், வானம் இருண்டு காற்று எதிர்நின்று மழை முகத்தில் அறையும் வேளையில், தன் கால்வலி ஒன்றையே துணையாகக் கொண்டு நூற்றுக்கணக்கான கல் தொலைவைக் கடந்து முடித்தல் அரிய செயலாகும். அரசர் படையெடுப்பும் கடலோடிகளின் கலப்பயணமும் வரலாற்று ஏடுகளில் விரிவாக இடம் பெற்றுள்ளன. ஏழையின் ஊர்தி எனப்படும் மிதிவண்டிக்கு அத்தகைய ஏடு மிகக் குறைவு. ஆதலின், நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அவ்வரலாற்றின் சில பக்கங்களைத் தமிழன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

லிங்கராஜபுரத்தில் வாழும் நமக்கு நெடுஞ்சாலை அயலான பொருளன்று. நம் பகுதிக்குத் தெற்கே சிறிது தொலைவில் ஓடும் பழைய சென்னைச் சாலை, தமிழ் மக்களின் குடிப்பெயர்ச்சியோடு பிணைந்தது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, சென்னைப் படையைத் தொடர்ந்து வணிகரும் தொழிலாளரும் கைவினைஞரும் தமிழ் நிலத்தினின்று வந்து குடியேறினர். 1864-ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுக்குப் புகைவண்டி வரும்வரை, மாட்டு வண்டியும் கால்நடையுமே அவர்களுக்கு வழித்துணை. மேட்டு நிலத்தின் ஏற்றத்தையும் பருவ மழையையும் தாங்கி வந்து சேர்ந்தோரின் வழித்தோன்றல்கள் நம்முள் பலர். வந்து சேர்தலின் அருமை நமக்குப் புதிதன்று.

இனி மிதிவண்டியின் கதைக்கு வருவோம். உலகைச் சுற்றி மிதிவண்டியில் முதன்முதல் சென்றவர் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர். முன்னுருளி ஆளுயரமும் பின்னுருளி சிறு வட்டமுமாக இருந்த பழைய வண்டியில், 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சான் பிரான்சிஸ்கோ நகரினின்று புறப்பட்டு, 1886-ஆம் ஆண்டு டிசம்பரில் யப்பானின் யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். வழியில் அந்நாளைய இந்தியாவின் லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச் சாலையில் ஊர்ந்து சென்றார். அவர் வண்டியில் காற்றடைத்த உருளிப்பட்டை இல்லை. டன்லப் அதனை ஆக்கியது 1888-ஆம் ஆண்டில்தான். கெட்டி ரப்பர்ப் பட்டையின்மீது அமர்ந்து, சாலையின் ஒவ்வொரு கல்லையும் உடலால் உணர்ந்தே அவர் சென்றிருத்தல் வேண்டும்.

காற்றடைத்த பட்டை வந்தபின் தொலைவு சுருங்கியது. மனிதர் துணிவு பெருகியது. 1891-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரெஞ்சு இதழாசிரியர் பியேர் ஜிஃபார், பாரிசிலிருந்து மேற்குக் கடற்கோடியிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் போட்டியை அமைத்தார். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர். முடித்தோர் ஏறத்தாழ நூற்றுவரே. வென்றவர் சார்ல் தெரோன். அவர் எடுத்துக்கொண்ட காலம் 71 மணி 22 நிமிடம். போட்டியாளர் வழியில் உறங்கிய வேளையில், தாம் உறங்காது அவரைக் கடந்து சென்று பாரிசை அடைந்தார். ஆனால் இந்நிகழ்ச்சியில் நம் உள்ளத்தைக் கவர்வோர் பிறர். பரிசும் புகழும் தெரோனைச் சேர்ந்த பின்னரும், பல நாள் கழித்து ஒருவர்பின் ஒருவராக வந்து முடித்தோர் இருந்தனர். அவர்களை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. ஆயினும் அவர்கள் வழியில் நின்றுவிடவில்லை.

நம் நாட்டினரும் இத்துறையில் பிற்பட்டோர் அல்லர். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், பம்பாயினின்று பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். பாரசீகத்தையும் மெசபடோமியாவின் பாலையையும் கடந்தனர். ஆல்ப்சு மலையின் குளிரையும் தென்கிழக்கு ஆசியக் காடுகளின் ஈரத்தையும் தாங்கினர். ஏறத்தாழ 44,000 மைல் ஊர்ந்து, 1928-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் பம்பாய்க்கு மீண்டோர் மூவர்: ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா. ஏனை மூவர் வழியில் பிரிந்தனர். புறப்பட்டோர் அறுவர், மீண்டோர் மூவர் எனும் இக்கணக்கே நெடும்பயணத்தின் இயல்பை நமக்கு உணர்த்தப் போதுமானது.

கடும் வானிலையில் முடித்தலுக்குச் சான்றாக 1931-ஆம் ஆண்டின் பாரிசு–பிரெஸ்ட்–பாரிசுப் போட்டியைக் கூறலாம். காற்றும் மழையும் வீரரை வருத்திய அப்போட்டியில், ஆஸ்திரேலியரான ஹூபர்ட் ஆப்பர்மன் 49 மணி 23 நிமிடத்தில் முடித்து வென்றார். இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊர்ந்த பின்னர், இறுதியில் ஓட்டக்களத்தில் விரைந்தோடி முந்தியே அவ்வெற்றியை எய்தினார். இவரைக் குடிபெயர்ந்தோராகிய நாம் நினைவிற்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. பிற்காலத்தில் இவர் ஆஸ்திரேலிய அரசில் குடியேற்ற அமைச்சரானார். வெள்ளையர்க்கே இடம் எனும் கொள்கையைத் தளர்த்தி, ஐரோப்பியர் அல்லாதாரும் தகுதி பற்றிக் குடிபுக விண்ணப்பிக்கலாம் என 1966-ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவித்தவர் அவரே. அக்கொள்கை முற்றும் நீங்க 1973 வரை ஆயிற்று. எனினும் கதவு திறக்கத் தொடங்கியது அன்றுதான். இன்று அந்நாட்டில் தழைக்கும் தமிழ்ச் சங்கங்களைக் காணுங்கால் இச்செய்தி நமக்கு இனிக்கின்றது.

அதே 1931-ஆம் ஆண்டில், பரிசு நோக்காத பொதுமக்களும் அவ்வழியில் செல்ல இடம் அளிக்கப்பட்டது. தொழில் வீரர் போட்டி 1951-ஆம் ஆண்டோடு நின்றது; பொதுமக்கள் பயணமோ இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. இதில் முதல்வர் என்றும் கடையர் என்றும் வேறுபாடு இல்லை. 90 மணி நேரத்துள் முடித்தோர் அனைவரும் முடித்தோரே. வழியிடைக் காவல் நிலைகளில் குறித்த நேரத்துள் அட்டையில் முத்திரை பெறுதல் வேண்டும். இதற்கு முன்னர், அவ்வாண்டிலேயே 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்களை முறையே 13½, 20, 27, 40 மணி நேரத்துள் முடித்துத் தகுதி பெறுதலும் வேண்டும். அத்தகுதிப் பயணங்கள் பெங்களூரிலிருந்தும் நடைபெறுகின்றன.

2007-ஆம் ஆண்டில் இப்பயணத்தை இடையறாத மழை சூழ்ந்தது. ஐயாயிரவர்க்கு மேல் புறப்பட்டதில், பதின்மருள் ஏறத்தாழ மூவர் முடிக்க இயலாது போயினர். 2019-ஆம் ஆண்டில் மழைக்கு மாறாக எதிர்க்காற்றும் இரவுக் குளிரும் சோதித்தன. நம் நாட்டினின்று அவ்வாண்டு சென்றோர் முந்நூற்றுவர் அளவினர். அவருள் பெரும்பாலோர் குறித்த காலத்துள் முடிக்கவில்லை. இதனைக் குறையாகக் கூறுகின்றோம் அல்லேம்; காரணத்தை ஆராய்தலே நம் நோக்கம். அட்லாண்டிக் பெருங்கடலின் காற்று மேற்கினின்று வீசுவதால், பிரெஸ்ட் நோக்கிச் செல்வோர்க்கு அது எதிரே நிற்கும். காற்றின் தடை விரைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது. ஆகவே எதிர்க்காற்றில் சிறிது விரைய முயன்றாலும் ஆற்றல் பெரிதும் செலவாகும். வியர்வையும் மழையும் நனைத்த ஆடையோடு குளிரில் நின்றால் உடற்சூடு விரைந்து குன்றும், சிந்தை மழுங்கும், கை தடுப்பானைப் பற்ற மறுக்கும். நனைந்த உருளி விளிம்பில் தடுப்பானும் பிடி தளர்ந்து நிற்கும். வெப்ப நாட்டில் பயின்ற உடலுக்கு இவை யாவும் இருமடங்குச் சோதனை.

அத்தகைய சோதனை நம் ஊர்ச் சாலையிலும் இல்லாமல் இல்லை. பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே உள்ளது. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். செல்லுங்கால் பெரிதும் இறக்கம். மீளுங்காலோ, உடல் களைத்த இறுதிப் பகுதியில் ஏற்றம் வந்து எதிர்ப்படும். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்றும் உடன் சேரும். செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் மாலை மழை பெங்களூரை நனைப்பதை நாம் அறிவோம். சென்னை சென்று மீள்பவர் வீட்டை நெருங்கும் வேளையிலேதான் வழியின் கடுமை முற்றும் வெளிப்படும். முடிவு அண்மையில் உள்ளது என்னும் எண்ணமே அவ்வேளையில் ஒருவனைத் தாங்குவது. அதுவே அவனை எச்சரிக்கை இழக்கச் செய்வதும் ஆகும்.

இங்கே நம் திருவள்ளுவரின் முறைவைப்பை எண்ணிப் பார்த்தல் தகும். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் அதிகாரங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். ஆனால் அவற்றிற்கு முன்னரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றையும் வைத்துவிட்டார். தன் வலிமை எவ்வளவு, புறப்படும் பருவம் எத்தகையது, கடக்கும் வழி யாது என்பவற்றை அறிந்தவனுக்கே பின்னைய ஊக்கம் பயன்படும். அறியாதவன் ஊக்கம் அவனையே அழிக்கவும் கூடும். மழையில் சாலை தெரியாதபோது ஒதுங்கி நின்றவனையும், உடல் நடுங்கத் தொடங்கியதும் பயணத்தைக் கைவிட்டவனையும் கோழை எனல் தகாது. அவன் மற்றொரு பருவத்தில் மீண்டும் புறப்படுவான். முடித்தவனைப் போற்றுவோம்; உரிய இடத்தில் நின்றவனையும் மதிப்போம்.

இன்னுமொன்று கூற விரும்புகின்றோம். மேலே கூறிய பெயர்கள் ஏட்டில் ஏறியமையால் நமக்குக் கிட்டின. ஏட்டில் ஏறாத மிதிவண்டிப் பயணங்கள் எத்தனை! 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளை ஆக்கத் தொடங்கிய பின்னர், தமிழ்த் தொழிலாளர் இல்லங்களில் மிதிவண்டி பெருகியது. இந்நகரின் ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விடியலில் மிதித்துச் சென்று, இரவு மழையில் நனைந்து வீடு திரும்பிய நம் முன்னோர் பலர். அவர்களுக்குக் காவல் நிலை இல்லை, முத்திரை அட்டை இல்லை, பதக்கமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அவர்கள் மிதித்த தொலைவைக் கூட்டினால் உலகைச் சுற்றியோர் கணக்கிற்குக் குறையாது என்று துணிந்து கூறலாம்.

அத்தகைய பெரியோர் சிலர் இன்னும் நம் தெருக்களில் வாழ்கின்றனர். அவர்தம் வாய்மொழியைக் கேட்டு, எந்த ஆண்டில் எந்த வழியே சென்றனர், எந்த மழையில் எங்கே ஒதுங்கினர் என்பவற்றைச் சங்கத்து இளைஞர் எழுதி வைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தின் அவ்வேடு என்றும் எழுதப்படாமலே போய்விடும். இப்பணியைச் சங்கம் இவ்வாண்டே மேற்கொள்க என வேண்டி, அன்பர் அனைவரும் நலமும் உரமும் பெற்று நீடு வாழ்க என வாழ்த்தி அமைகின்றோம்.