மலையக நாட்சம்பள விவாதம்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா தேயிலைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்கு என்ன கூலி என்பது பற்றித் தொழிற்சங்கங்கள், பெருந்தோட்டக் கம்பனிகள், அரசு ஆகிய மூன்று தரப்பும் நடத்திவரும் நீண்ட வழக்கு. 2015க்குப் பின் ‘ஆயிரம் ரூபாய்’ என்ற ஒரே தொகையின் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. தொகை இப்போது மாறிவிட்டது, வழக்கு மாறவில்லை.

தோட்டக் கூலிக்குச் சட்டம் முதலில் வந்தது 1927இல். இந்திய அரசின் நெருக்குதலால் இயற்றப்பட்ட அந்தக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் மலைநாடு, இடைநாடு, தாழ்நாடு என்று விகிதத்தைப் பிரித்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று எனச் சதக் கணக்கில் கூலி. 1930களின் பொருளாதார மந்தத்தில் அதிலும் வெட்டு விழுந்தது. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். 1941இல் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார்.

1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. பாராளுமன்றத்தில் பேச ஆளில்லாத பல ஆண்டுகள் கூலிப் போராட்டம் சங்கத்தின் தோளில் மட்டுமே நின்றது. மலையக அரசியலில் தொழிற்சங்கமும் கட்சியும் இன்றுவரை ஒன்றாகவே இருப்பதற்கு இது முக்கியமான காரணம். சங்கத்துக்குச் சந்தா கட்டுபவரே வாக்காளரும் என்பதால், சம்பளப் பேச்சு எப்போதும் தேர்தல் பேச்சாகவும் ஆகிவிடுகிறது.

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஆண்களுக்கு இணையான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான், அதுவும் ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் கூலி கூட்டு ஒப்பந்தத்தில் முடிவாயிற்று. ஒருபுறம் முதலாளிமார் சம்மேளனம். மறுபுறம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்து. 2013இல் மொத்தம் 620 ரூபாய், 2016இல் 730 என்று அறிவிக்கப்பட்டது. இந்த ‘மொத்த’த்தில்தான் சிக்கல். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மிச்சம் வரவுக்கும் உற்பத்திக்கும் தேயிலை விலைக்குமான கொடுப்பனவுகள். சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், கொடுப்பனவாக வரும் ரூபாய் முதுமைக்குச் சேராது. நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் வரவுக் காசும் போய்விடலாம்.

ஆகவே 2018இல் கோரிக்கை ‘அடிப்படைச் சம்பளமே ஆயிரம்’ என்று கூர்மையடைந்தது. அக்டோபர் 24 அன்று மலையக இளைஞர்கள் கறுப்புடையில் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடினர். கூட்டத்தைக் கூட்டியது பழைய சங்கங்கள் அல்ல. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்து நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள். டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆயிற்று, வரவு, உற்பத்திக் கொடுப்பனவுகள் போயின. கூட்டிக் கழித்தால் கைக்கு வந்த உயர்வு சொற்பம்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாயும் 100 ரூபாய் வரவுசெலவுத் திட்டப் படியும் சேர்ந்து ஆயிரம் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போயிற்று. தொழிலாளருக்கு இதில் இழப்பும் உண்டு: வேலைநாள் உத்தரவாதம் போன்ற, சம்பளத்துக்கு அப்பாற்பட்ட விதிகள் அந்த ஒப்பந்தத்தில்தான் இருந்தன.

கம்பனிகளின் வாதத்தை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. உற்பத்திச் செலவின் பெரும்பங்கு கூலி. விலையைத் தீர்மானிப்பது கொழும்பு ஏலம். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரரிடமிருந்தே வருகிறது. அவர்களுக்கு லயமும் பிள்ளைக் காப்பகமும் பராமரிக்கும் பொறுப்பு இல்லை. எனவே நாட்சம்பளத்தை விட்டு, எடுத்த கொழுந்துக்குக் காசு அல்லது குடும்பத்துக்கு ஒரு துண்டு மலையைப் பிரித்துக்கொடுத்து வருமானத்தைப் பகிர்வது என்ற முறைக்கு மாறச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே சண்டை உண்டு. கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலை குறையும் என்பது அங்கே நெடுங்கால நம்பிக்கை. நியூ ஜெர்சியின் துரித உணவுக் கடைகளை அண்டை மாநிலத்துக் கடைகளோடு ஒப்பிட்ட பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994இல், அப்படிக் குறையவில்லை என்றனர். எதிர்வாதம் இன்றும் ஓயவில்லை. மலையகத்தில் ஆள் குறைப்பு நேரடியாக நடப்பது அரிது. கூலி ஏறினால் எடுக்கவேண்டிய கிலோ ஏறும், வாரத்தில் வேலைநாள் குறையும். ஆயிரத்துக்குப் பின் பல தோட்டங்களில் 20 கிலோ கேட்கப்பட்டது. எட்டாதவருக்கு ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலி. அதே 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டுச் செடியில் கொழுந்தே குறைந்தபோது இந்த அளவு என்ன ஆகும் என்பதை எந்தத் தோட்டத் துரைக்கும் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் ரூபாயில் நடக்கும் விவாதம் மலையில் தராசில்தான் முடிகிறது. கிலோ அளவைச் சேர்க்காத எந்த உடன்பாடும் அரை உடன்பாடே.

2022இன் நெருக்கடியில் ரூபாய் சரிந்து, ஆயிரத்தின் பெறுமதி ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. டொலர் ஏற்றத்தால் ஏல வருமானம் கூடியதைச் சங்கங்கள் சுட்டின. உரமும் எரிபொருளும் அதைவிட ஏறியதைக் கம்பனிகள் சுட்டின. 2024 மே தினத்தில் கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாயை அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350 ரூபாய் உறுதியாயிற்று.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சம்பளத்தை 1,550 ஆக்கவும், வரவுக்காக அரசே நாளொன்றுக்கு 200 ரூபாய் கொடுக்கவும் முன்மொழிந்தார். தனியார் நிர்வாகத்தில் உள்ள தோட்டத்தின் கூலியில் ஒரு பங்கைத் திறைசேரி ஏற்பது வழக்கத்துக்குப் புதிது. அது கம்பனிக்குத் தரும் மானியமா, தொழிலாளருக்குத் தரும் உரிமையா என்ற கேள்வியில் வழக்கு இப்போது வந்து நிற்கிறது.